ஒரே செடியின் விதைகள், மூன்று நிறப் பூக்கள்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். இளஞ்சிவப்பாகப் பூக்கும் ஒரே ஒரு அந்திமந்தாரைச் செடியிலிருந்து 20 விதை எடுத்து, ஒரே நாளில், ஒரே பெரிய தொட்டியில் போட்டிருக்கிறீர்கள். ஒரு வாரத்தில் 9 முளைத்தன. மூன்று வாரம் கழித்து 4 எட்டிப் பார்த்தன. 7 வரவே இல்லை. வளர்ந்த 13 செடிகளில் 6 தாய்ச்செடியைப் போல இளஞ்சிவப்பு, 5 சிவப்பு, 2 வெள்ளை. பக்கத்தில் வேறு அந்திமந்தாரையே கிடையாது. "மண்ணில் கோளாறா, விதையில் கோளாறா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த ஏழு விதைகளைத் தவிர மற்ற எதிலும் கோளாறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. முளைத்த நாளும் பூவின் நிறமும் தனித்தனிச் சிக்கல்களாகத் தோன்றினாலும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: ஒரு தாயின் விதைகள் ஏன் தாயைப் போலவும் இல்லை, தங்களுக்குள் ஒன்றுபோலவும் இல்லை? நான் தாவரவியல் படித்தவன். இருபது ஆண்டுகளுக்கு மேல் விதைப் பரிசோதனைக் கூடத்தில் முளைப்புத் திறன் பார்ப்பதுதான் என் வேலை. அந்திமந்தாரை எங்கள் மேசைக்கு வந்த பயிர் இல்லை, அதை வளர்த்துப் பார்த்துத்தான் பழக்கம். அதனால் விதை பற்றிப் பொதுவாகச் சொல்வதை உறுதியாகச் சொல்கிறேன். உங்கள் தொட்டியில் என்ன நடந்தது என்பதில் ஊகமும் கலந்திருக்கும். எது உறுதி, எது ஊகம் என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

விதை தாய்ச்செடியிலிருந்து உதிர்ந்த ஒரு துண்டு என்ற எண்ணம் நம் எல்லோர் மனதிலும் இருக்கிறது. தண்டை ஒடித்து நட்டு வேர்விட்டால் அது அதே செடிதான், இடம் மட்டும் மாறியிருக்கிறது. விதை அப்படி இல்லை. அது இரண்டு செல்கள் கூடிப் பிறந்த பிள்ளை. இதை மனிதர்கள் ஒத்துக்கொள்ளவே நெடுங்காலம் ஆயிற்று. 1694இல் ஜெர்மானிய மருத்துவர் கமராரியஸ் ஆமணக்கின் ஆண் பூக்களை விரியும் முன்பே கிள்ளிவிட்டுப் பார்த்தார். முளைக்கக்கூடிய விதை உருவாகவில்லை. மகரந்தம் வெறும் தூசி இல்லை, விதை உண்டாக அது வேண்டும் என்று சோதனை செய்து காட்டியவர் அவர்.

மகரந்தம் சூலகமுடியில், அதாவது பூவின் பெண் உறுப்பின் நுனியில், விழுந்த பிறகு என்ன நடக்கிறது என்பதை இந்தத் துறையில் இத்தனை காலம் இருந்தும் வியக்காமல் என்னால் சொல்ல முடியாது. அந்தத் துகள் ஈரத்தை உறிஞ்சி உப்பி, தன்னிலிருந்து மெல்லிய குழாய் ஒன்றை நீட்டுகிறது. 1824இல் இத்தாலியரான அமீச்சி பருப்புக்கீரைப் பூவை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தபோது இதைக் கண்டார். அந்த நுனிக்குக் கீழுள்ள சூல்தண்டின் திசுக்களுக்கு இடையே புகுந்து அந்தக் குழாய், பின்னால் விதையாகப்போகும் சூல் இருக்கும் இடம் வரை வளர்கிறது. மக்காச்சோளத்தில் ஒரு கதிரின் நூல் முழுவதையும், சில சமயம் 20, 30 சென்டிமீட்டர் தூரத்தை, ஏறக்குறைய ஒரு நாளில் கடந்துவிடுகிறது. வழி எப்படித் தெரிகிறது? கடைசிக் கட்டத்தில் முட்டைக்குப் பக்கத்திலுள்ள இரண்டு துணைச் செல்கள் சிறு புரதங்களைக் கசியவிட்டுக் குழாயை இழுக்கின்றன. டோரேனியா என்ற பூச்செடியில் அந்தப் புரதங்களை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009இல் அடையாளம் கண்டார்கள்.

குழாய் இரண்டு ஆண் செல்களைக் கொண்டுவருகிறது. ஒன்று முட்டையோடு கூடிக் கருவாகிறது. மற்றொன்று நடுச் செல்லோடு கூடி, கருவுக்கு உணவூட்டும் முளைசூழ்தசையாகிறது. 1898இல் ரஷ்யரான நவாஷின் லில்லிப் பூக்களில் இதைக் கண்டு சொன்னார். இரட்டைக் கருவுறுதல் என்று பாடப்புத்தகங்களில் படித்திருப்பீர்கள்.

ஒரு மகரந்தத் துகள், ஒரு சூல், ஒரு விதை. இந்தக் கணக்கை நிரூபித்ததில் உங்கள் செடிக்கும் பங்கு உண்டு. அந்திமந்தாரையின் மகரந்தத் துகள் பெரியது, பூவுக்குச் சூல் ஒன்றே ஒன்று. மரபு விதிகளைக் கண்ட மெண்டல், தம் பட்டாணிச் சோதனைகளை முடித்த பிறகு இதை எடுத்து, ஒரு பூவுக்கு ஒரே ஒரு மகரந்தத் துகளை மட்டும் வைத்துப் பார்த்தார். நல்ல விதை வந்தது. ஒரு விதைக்குப் பல துகள்கள் தேவை என்று பெரிய விஞ்ஞானிகளே நம்பிய காலம் அது.

நீங்கள் எடுத்த இருபதும் இருபது வெவ்வேறு பூக்களில், இருபது வெவ்வேறு துகள்களால் உண்டானவை. அவற்றில் ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். மிளகு போலச் சுருக்கம் விழுந்த அந்தக் கறுப்பு ஓடு விதையுறை இல்லை. பூவின் அடிக்குழாய் கனியைச் சுற்றி மூடிக் கெட்டியானது அது. அதாவது நாம் விதை என்று சொல்வது உண்மையில் ஒரு கனி. உள்ளே மெல்லிய கனித்தோலும் அதற்குள் விதையுறையும் இருக்கும். நடுவில் வெள்ளை மாவு. அதைச் சுற்றி வளைந்து படுத்திருப்பதுதான் கரு. பெரும்பாலான விதைகளில் இந்த மாவு முளைசூழ்தசையாக இருக்கும் அல்லது, அவரையில் போல, விதையிலைகளிலேயே சேர்ந்திருக்கும். அந்திமந்தாரையில் சூலின் திசுவே மாவாகிவிடுகிறது, முளைசூழ்தசை பெயருக்குத்தான் மிஞ்சுகிறது. ஆக ஓடு, தோல், மாவு மூன்றும் தாயின் உடல். அதற்குள் சுருண்டிருக்கும் கரு மட்டும் புதிய உயிர். வெளியிலிருந்து பார்த்தால் இருபதும் ஒன்றுபோல் இருப்பது அதனால்தான். நாம் பார்ப்பது தாய் போர்த்திவிட்ட போர்வையை.

இப்போது நிறத்துக்கு வருவோம். பக்கத்தில் வேறு செடி இல்லை என்கிறீர்கள். அப்படியானால் வெள்ளை எங்கிருந்து வந்தது? தாயிடமிருந்தேதான். அந்திமந்தாரை சாயங்காலம் விரிந்து இரவெல்லாம் திறந்திருந்து, வெயில் ஏறும்போது சுருங்கிவிடும். இரவில் அந்துப்பூச்சி வரவில்லை என்றாலும், சுருங்கும்போது மகரந்தத் தாள்களும் சூல்தண்டும் சேர்ந்து சுருள்வதால் அதே பூவின் மகரந்தம் அதே பூவின் சூலகமுடியில் ஒட்டிக்கொள்ளும். தன் மகரந்தமே தனக்கு என்றால் பிள்ளைகள் தாயின் அச்சாக இருக்க வேண்டும் என்று தோன்றும். அங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள்.

ஒவ்வொரு பண்புக்கும் செடியிடம் இரண்டு ஜீன்கள் உண்டு, ஒன்று அதன் தாய் தந்தது, மற்றொன்று தந்தை தந்தது. மகரந்தமும் முட்டையும் உருவாகும்போது ஜோடி பிரிந்து ஆளுக்கு ஒன்றுதான் போகும். இது மெண்டல் கண்ட விதி. 1900இல் மெண்டலின் விதிகளை மீண்டும் கண்டெடுத்தவர்களில் ஒருவரான ஜெர்மானியர் கார்ல் கோரன்ஸ், உங்கள் செடியையே வைத்து வேலை செய்தவர். சிவப்பு அந்திமந்தாரையையும் வெள்ளையையும் கலந்தார். பிறந்தவை எல்லாம் இளஞ்சிவப்பு. அவற்றைத் தம் மகரந்தத்தாலேயே கருவுற விட்டார். அடுத்த தலைமுறையில் ஒரு பங்கு சிவப்பு, இரண்டு பங்கு இளஞ்சிவப்பு, ஒரு பங்கு வெள்ளை. இளஞ்சிவப்பு என்பதே ஒரு சிவப்பு ஜீனும் ஒரு வெள்ளை ஜீனும் சேர்ந்து இருக்கும் நிலை. அந்தச் செடியின் மகரந்தத்தில் பாதி சிவப்பைச் சுமக்கும், பாதி வெள்ளையை. முட்டைகளும் அப்படியே. எது எதோடு கூடும் என்பது சுண்டிவிட்ட காசு. இரண்டும் சிவப்பானால் சிவப்பு, இரண்டும் வெள்ளையானால் வெள்ளை, கலந்தால் மறுபடி இளஞ்சிவப்பு.

உங்கள் 13 செடிகளுக்கு இந்தக் கணக்குப்படி மூன்று சிவப்பு, ஆறு அல்லது ஏழு இளஞ்சிவப்பு, மூன்று வெள்ளை வரவேண்டும். வந்தது 5, 6, 2. இந்த வித்தியாசம் கவலைப்படும் அளவுக்கு இல்லை, 13 என்பது மிகச் சின்ன எண். மெண்டல் பட்டாணியின் பூ நிறத்துக்கு 929 செடிகளை எண்ணினார். 705 ஊதா, 224 வெள்ளை. அத்தனை எண்ணியபோதுதான் மூன்றுக்கு ஒன்று என்ற விகிதம் தெளிவாகத் தெரிந்தது. அதே காரணத்தால், உங்கள் 13 செடிகள் இந்த விளக்கத்தோடு ஒத்துப்போகின்றன என்றுதான் சொல்வேன், நிரூபித்துவிட்டன என்று சொல்லமாட்டேன். அந்துப்பூச்சி தூரத்திலிருந்து மகரந்தம் கொண்டுவரவும் கூடும். அந்திமந்தாரையில் மஞ்சளும், கோடும் புள்ளியும் போட்ட பூக்களும் உண்டு. அவற்றுக்குப் பின்னால் வேறு ஜீன்களும் இருப்பதால் இந்த எளிய கணக்கு எல்லாச் செடிக்கும் பொருந்தாது. உங்களிடம் வந்த மூன்று நிறங்களுக்குப் பொருந்துகிறது, அவ்வளவுதான்.

அப்புறம் முளைத்த நாள். காய்ந்த விதை செத்ததும் இல்லை, வழக்கமான பொருளில் வாழ்வதும் இல்லை. முற்றும்போது தாய்ச்செடி கருவிலிருந்து தண்ணீரை வற்றவைத்துவிடுகிறது. எடையில் பத்து விழுக்காடு அளவுக்குத்தான் ஈரம் மிஞ்சும். நம் உடல் செல் இப்படிக் காய்ந்தால் சிதைந்துபோகும். விதையின் செல் சர்க்கரைகளாலும் சில தனிப் புரதங்களாலும் தன்னைக் கெட்டிப்படுத்திக்கொண்டு தாங்குகிறது. தண்ணீர் பட்டதும் வேகமாக உறிஞ்சி உப்பும். இந்த உப்புதலை உயிரின் அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், செத்த விதையும் நன்றாக உப்பும். உயிருள்ள விதையில் மட்டும், ஈரம் ஏறிய சிறிது நேரத்திலேயே சுவாசம் தொடங்கும், பழுதான டி.என்.ஏ. சரிசெய்யப்படும், முளைக்கத் தூண்டும் ஜிப்ரெல்லின் என்ற ஹார்மோன் கூடும். வெளியே எதுவும் தெரியாது. சில நாள் கழித்து முளைவேர் தோலைக் கிழித்துக்கொண்டு வரும். அதுவரை விதை மறுபடி காய்ந்தாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். வேர் வந்த பிறகு காய்ந்தால் அநேகமாகத் திரும்ப வழியில்லை. முளைக்கும் நாட்களில் தண்ணீர் ஊற்றுவதை ஒரு நாள் மறப்பது எவ்வளவு பெரிய தவறு என்று இதிலிருந்து தெரியும்.

ஜிப்ரெல்லினுக்கு எதிராக நிற்பது அப்சிசிக் அமிலம் என்ற இன்னொரு ஹார்மோன். தாய்ச்செடியில் இருக்கும்போதே விதை முளைத்துவிடாமல் அது பிடித்துவைக்கிறது. உதிர்ந்த பிறகும் அதன் பிடி உடனே போவதில்லை. இதுதான் விதை உறக்கம். எது அந்த உறக்கத்தைக் கலைக்கும் என்பது செடிக்குச் செடி மாறும். சிலவற்றுக்குப் பல வாரக் குளிர் வேண்டும். சிலவற்றுக்குக் காய்ந்த நிலையில் சில மாதம் கிடந்தாலே போதும். கடினமான தோல் தேய்ந்து வெடித்தால்தான் உள்ளே தண்ணீர் போகும் விதைகளும் உண்டு. வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும் பொடி விதைகள் ஏராளம். 1952இல் அமெரிக்க ஆய்வாளர்கள் லெட்டூஸ் என்ற சாலட் கீரையின் விதைகளில் ஒரு விந்தையைக் காட்டினார்கள். சிவப்பு ஒளி பட்டால் முளைத்தன. பின்னாலேயே தொலைசிவப்பு ஒளி, அதாவது சிவப்புக்கு அப்பால் நம் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒளி, பட்டால் முளைக்காமல் நின்றன. எத்தனை முறை மாற்றி மாற்றிக் காட்டினாலும் கடைசியாகப் பட்ட ஒளியின் சொல்லையே விதை கேட்டது. பச்சை இலை சிவப்பை விழுங்கிவிட்டுத் தொலைசிவப்பைக் கீழே விடுகிறது. ஆக, தலைக்கு மேல் வேறொரு செடி நிழல் போட்டிருப்பதை மண்ணில் கிடக்கும் விதை இப்படித் தெரிந்துகொள்கிறது.

ஒரே செடியின் விதைகள் உறக்கத்தின் ஆழத்தில் ஒன்றுக்கொன்று வேறுபடும், இதுவும் உறுதி. முதலில் பூத்ததும் கடைசியில் பூத்ததும் வேறு வெயிலில், வேறு ஈரத்தில் முற்றியவை. ஓட்டின் தடிமன் மாறும். கருவின் ஜீன்களே வேறு. இதனால் செடிக்கு ஒரு லாபமும் உண்டு. எல்லா விதையும் முதல் மழையிலேயே முளைத்து, அடுத்து வறட்சி வந்தால் வம்சமே போய்விடும். 1966இல் டேன் கோஹன் என்ற ஆய்வாளர் பாலைவனச் செடிகளை மனதில் வைத்து இதைக் கணக்காகவே போட்டுக் காட்டினார்: வருங்கால மழையை நம்ப முடியாத இடத்தில், விதைகளில் ஒரு பங்கை முளைக்கவிடாமல் மண்ணில் நிறுத்திவைக்கும் செடியே காலப்போக்கில் நிலைக்கும். உங்கள் 4 விதைகள் தாமதித்ததை இந்த இயல்பின் சாயலாக நான் பார்க்கிறேன். ஆனால் தொட்டியில் அவை இரண்டு விரற்கடை ஆழமாகப் போயிருக்கலாம், அல்லது ஓடு கொஞ்சம் தடிப்பாக இருந்து தண்ணீர் மெதுவாக இறங்கியிருக்கலாம். தொட்டியைப் பார்க்காமல் இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சொல்வது நியாயம் ஆகாது.

மண்ணுக்குள் விதை எத்தனை காலம் காத்திருக்கும் என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது வில்லியம் பீல் என்ற தாவரவியலாளரின் சோதனை. 1879இல் அமெரிக்காவின் மிச்சிகனில் 20 புட்டிகளில் களை விதைகளை மணலோடு கலந்து புதைத்தார், காலம் விட்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கச் சொல்லி. 2021இல் தோண்டிய புட்டியிலும் சில விதைகள் முளைத்தன. இஸ்ரேலில் யூதேயப் பாலைவனத்தின் மசாடா கோட்டையில் கிடைத்த சுமார் 2000 ஆண்டுப் பழைய பேரீச்சை விதை ஒன்று 2005இல் முளைத்ததும் உண்மை. எகிப்தியக் கல்லறைக் கோதுமை முளைத்தது என்று அடிக்கடி சுற்றிவரும் கதையை மட்டும் நம்பாதீர்கள். உண்மையான பழைய கோதுமையை முளைக்கவைத்துப் பார்த்த சோதனைகள் எல்லாமே தோற்றன.

இனி அந்த ஏழு. தொட்டியில் கிளறி எடுத்துப் பாருங்கள். விரலால் அழுத்தினால் நசுங்கி நாறினால் அது அழுகியது. அதிகத் தண்ணீர் மண்ணிலுள்ள காற்றை வெளியேற்றிவிடும், சுவாசிக்கத் தொடங்கிய கரு மூச்சுமுட்டிச் சாகும். வீட்டுத் தொட்டிகளில் விதை போவதற்கு நான் கண்ட முதல் காரணம் இதுதான். வெட்டும்போது உள்ளே காலியாக, சுருங்கிய மாவோடு இருந்தால் முற்றாமல் பறித்தது. கெட்டியாக, வெள்ளையாக, முழுசாக இருந்தால் உயிர் இருக்க வாய்ப்பு உண்டு. எங்கள் கூடத்தில் இப்படிச் சந்தேகமானவற்றை வெட்டி டெட்ரசோலியம் என்ற நிறமற்ற உப்புக் கரைசலில் ஊறவைப்போம். சுவாசிக்கும் திசு சில மணி நேரத்தில் சிவந்துவிடும், செத்த திசு வெளுத்தே இருக்கும். அத்தனை ஆண்டு பார்த்த பிறகும், அசையாமல் கிடந்த ஒரு விதை கண் முன்னால் சிவக்கும்போது எனக்குள் ஏதோ நெகிழும். வீட்டில் அந்த உப்பு தேவையில்லை. வெட்டாத கெட்டி விதைகளின் ஓட்டை ஒரு பக்கம் லேசாகத் தேய்த்து, ஓர் இரவு ஊறவைத்து, ஈரத் துணியில் மடித்துப் பத்து நாள் பாருங்கள். ஒரு விஷயம் சொல்ல வேண்டும்: நாங்கள் ஒரு முளைப்புத் திறன் எண்ணைச் சொல்வதற்கு 400 விதைகளை, நூறு நூறாகப் பிரித்துப் பார்ப்போம். 20க்கு 13 என்பதை வைத்து உங்கள் விதை நல்லது, கெட்டது என்று தீர்ப்பு எழுத முடியாது.

வேர் கீழேயும் குருத்து மேலேயும் போவது எப்படி என்றும் ஒரு வரியில் கேட்டிருந்தீர்கள். வேர் நுனியின் செல்களுக்குள் கனமான மாவுமணிகள் இருக்கின்றன. விதை எப்படிப் புரண்டு கிடந்தாலும் அவை கீழ்ப்பக்கம் சரியும், வேர் அந்தத் திசையில் வளையும். 1806இல் நைட் என்ற ஆங்கிலேயர் விதைகளைச் சுழலும் சக்கரத்தில் கட்டி முளைக்கவைத்தார். சுழற்சி வெளியே தள்ளும் விசையையே ஈர்ப்பாக எடுத்துக்கொண்டு, வேர்கள் சக்கரத்தின் வெளிப்பக்கம் நோக்கி வளர்ந்தன, குருத்துகள் நடுவை நோக்கி. குருத்து கொக்கி போல் வளைந்து முதுகால் மண்ணைத் தள்ளும், மென்மையான நுனி உராயாமல் இருக்க. வெளிச்சம் பட்டதும் கொக்கி நிமிர்ந்து விதையிலைகள் விரிந்து பச்சையாகும். தாய் கட்டிக்கொடுத்த மாவு அதுவரைதான். பிறகு அந்தச் செடி தன் உணவைத் தானே செய்துகொள்ளும்.

இளஞ்சிவப்பே வேண்டும் என்றால் விதையை நம்பாதீர்கள், எத்தனை தலைமுறை போட்டாலும் அதில் பாதிதான் இளஞ்சிவப்பாக வரும். பிடித்த செடியின் அடியில் கிழங்கு போல் தடித்த வேர் இருக்கும். செடி ஓய்ந்த பிறகு அதைத் தோண்டி எடுத்து வைத்து நட்டால் அதே செடி, அதே நிறம். சிவப்பின் விதை சிவப்பையும் வெள்ளையின் விதை வெள்ளையையும் மட்டும் தரவேண்டும். மேலே நான் சொன்ன விளக்கம் சரியா என்று பார்க்க இதைவிட நல்ல வழி கிடையாது. சாயங்காலம் மொட்டு விரியும் முன்பே மெல்லிய துணிப்பையால் மூடி, மறுநாள் பூ சுருங்கிய பின் பையை எடுத்துவிட்டு, அந்தப் பூக்களில் நூல் கட்டிக் குறித்துவையுங்கள். விதை கறுத்துத் தொட்டாலே உதிரும் பதத்தில் நிறம் வாரியாகத் தனித்தனி உறைகளில் எடுங்கள். சிவப்பிலிருந்து ஒரு வெள்ளை வந்தாலும் வந்து சொல்லுங்கள், நான் இந்தப் பதிலைத் திருத்தி எழுதுகிறேன்.